நெஞ்சுக்குள் ஓடிய ஒன்பதாவது தறி

கரண்ட் போனதால்தான் எனக்கு இந்த இதயத் துடிப்பு வியாதி இருப்பதே தெரிந்தது.

2022 மே மாதம். கூலி உயர்வு கேட்டு அந்த வருடத் தொடக்கத்தில் வாரக்கணக்கில் தறிகளை நிறுத்திவைத்திருந்தோம். போராட்டம் முடிந்ததும், விட்ட காசைப் பிடிக்க இரவு பகலாக ஓட்டிக்கொண்டிருந்த நேரம். கோவை மாவட்டம் சோமனூர் பக்கம் எனக்கு எட்டு நாடாத் தறி, கரண்டில் ஓடும் விசைத்தறிகள். எட்டும் ஓடும்போது தறி நிற்கும் குடோனுக்குள் பேச்சு கேட்காது, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வோம். ஒரு மதியம் கரண்ட் நின்றது, தறிகள் அடங்கின. காதின் இரைச்சல் குறைந்த பிறகும் எனக்குள் ஏதோ அடித்துக்கொண்டே இருந்தது. கழுத்தில், காதுக்குள், தொண்டைக்குழியில். தறிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. நிமிடத்துக்கு நூற்றிருபது, நூற்றிமுப்பது அடி. கண்ணை மூடிக்கொண்டே எந்தத் தறி தகராறு செய்கிறது என்று சொல்லிவிடுவேன். இதில் அந்த ஒழுங்கே இல்லை. இரண்டு வேகமாக, ஒன்று தள்ளி, அப்புறம் நாலைந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி.

“ஏனுங்ணா, மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கெடக்குது?” என்று தறி ஓட்டும் பையன் கேட்டான். வெயில் என்றேன். முக்கால் மணி நேரத்தில் அதுவே நின்றுவிட்டது. எத்தனை மாதமாகத் தறிச் சத்தத்துக்குள் இது ஒளிந்திருந்ததோ தெரியாது.

அப்போது எனக்கு வயது 55. பிரஷர் பத்து வருடமாக, சர்க்கரை ஆறு வருடமாக. எடை 89 கிலோ. பிரஷர் மாத்திரையைத் தலைவலி வந்தால் போடுவது, வராவிட்டால் விட்டுவிடுவது என்று நானே ஒரு வைத்தியம் வைத்திருந்தேன்.

அதன் பிறகு மாதம் இரண்டு தடவை, மூன்று தடவை வந்தது. பெரும்பாலும் ராத்திரி, கறி விருந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் நிச்சயம். அதனால் ஊரே சேர்ந்து “கேஸ் ட்ரபிள்” என்று முடிவு கட்டியது. ஓமத் தண்ணீர், இஞ்சிச் சாறு, சோடா. உள்ளூர் டாக்டரும் இரண்டு முறை ஈ.சி.ஜி. எடுத்தார், இரண்டும் சுத்தமாக இருந்தன. இருக்காதா பின்னே? படபடப்பு நின்ற பிறகுதானே போய் உட்கார்ந்தேன். ஒருநாள் முழுக்க மார்பில் ஒயர் ஒட்டிக்கொண்டு போகும் ஹோல்டர் சோதனையும் செய்தார்கள். அந்த 24 மணி நேரம் மட்டும் என் இதயம் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கைகட்டி நின்றது. இப்படியே எட்டு மாதம் போனது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். வந்து வந்து போகிற படபடப்பு உள்ளவர்கள், அது நடந்துகொண்டிருக்கும்போதே எங்கே ஈ.சி.ஜி. வசதி இருக்கிறதோ அங்கே ஓடுங்கள். பெரிய டாக்டர் இருக்கிறாரா என்று பார்க்காதீர்கள், அந்த நேரத்துக்குத் தேவை டாக்டர் அல்ல, அந்தக் காகிதம். 2023 ஜனவரியில் விடிகாலை மூன்று மணிக்குத் தொடங்கியதும் மகன் என்னை காரில் தூக்கிப்போட்டு, பக்கத்து ஊரில் இரவு முழுக்கத் திறந்திருக்கும் சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். தூக்கக் கலக்கத்தில் இருந்த டியூட்டி டாக்டருக்குச் சின்ன வயது. காகிதத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஏ.எஃப்., ஐயா. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். துடிப்பு 148.” இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் வியாதி. அதற்கு ஒரு பெயர் கிடைத்தது. பயத்தை விட நிம்மதிதான் அதிகம். கேஸ் இல்லையே!

அந்தக் காகிதத்தை நான் என்ன செய்தேன் தெரியுமா? பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் கடையில் கொடுத்தேன். அது சூடு பட்டால் கறுக்கும் காகிதம். முழுக் கறுப்பாகத் திரும்பி வந்தது. எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த ஒரே சாட்சி. நல்லவேளை, மகன் அன்றைக்கே மொபைலில் படம் எடுத்து வைத்திருந்தான். ஈ.சி.ஜி. காகிதம் சும்மா வைத்திருந்தாலும் நாளடைவில் மங்கிவிடும். கையில் வாங்கியதும் போட்டோ எடுங்கள், ஜெராக்ஸ் போடுங்கள்.

கோயம்புத்தூரில் இதயத் துடிப்புக்கென்றே தனியாகப் படித்த டாக்டரிடம் போகச் சொன்னார்கள். இ.பி. டாக்டர் என்கிறார்கள். இதய டாக்டர் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். தறிக்கு மெக்கானிக் வேறு, எலெக்ட்ரீஷியன் வேறு என்பது தெரிந்த எனக்கே இது தெரியவில்லை. அடைப்பு எடுப்பவர், ஸ்டென்ட் வைப்பவர் மெக்கானிக். இவர் ஒயரிங் பார்ப்பவர்.

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். வலது மேலறையில் உள்ள ஒரு சின்ன இடம்தான் மோட்டார். அது ஒரு தட்டு தட்டினால் மேலறைகள் சுருங்கும், கட்டளை நடுவில் உள்ள ஒரு வாசல் வழியாக இறங்கி கீழறைகள் சுருங்கும். ஏ.எஃப். வந்தால் அந்த மோட்டாரின் பேச்சு எடுபடாது. மேலறைகளில் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை தாறுமாறாக மின்துடிப்புகள் கிளம்பும். ஆளாளுக்கு ஹேண்டிலைத் தட்டுகிற குடோன் மாதிரி. நடுவாசல் அதில் பெரும்பகுதியைத் தடுத்து, விட்டதை மட்டும் கீழே அனுப்பும். அதனால்தான் கீழறை 148-இல் நின்றது. மேலறை சுருங்குவதே இல்லை, சும்மா நடுங்கும். நடுங்குகிற பாத்திரத்தில் ரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும். இடது மேலறையில் ஒரு சிறு பை போன்ற மூலை இருக்கிறதாம். கட்டி பெரும்பாலும் அங்கேதான் உருவாகும். அது கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏ.எஃப். உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு சுமார் ஐந்து மடங்கு அதிகம்.

“அப்ப இந்தப் படபடப்பை எப்படியாவது நிறுத்திடுங்க டாக்டர்” என்றேன். “படபடப்பு ரெண்டாவது. முதல்ல ரத்தம் உறையாம பாத்துக்கணும்” என்றார். அன்று எனக்கு அது பிடிபடவில்லை. நமக்குக் கஷ்டம் கொடுப்பது ஒன்று, நம்மைக் கவிழ்ப்பது இன்னொன்று. கஷ்டம் கொடுப்பதைத்தானே துரத்துவோம்?

ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை யாருக்கு வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சாட்ஸ் வாஸ்க் என்று பெயர். பிரஷருக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, 65 வயது தாண்டினால் ஒன்று, 75 தாண்டினால் இரண்டு, முன்பே பக்கவாதம் வந்திருந்தால் இரண்டு என்று கூட்டிக்கொண்டே போவார்கள். எனக்குக் கூட்டினால் இரண்டு, அதனால் மாத்திரை உறுதியானது. அபிக்ஸபான் 5 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று. காலை மாத்திரை தவறாது, இட்லிக்கு முன்னால் எடுத்துவிடுவேன். இரவு மாத்திரைதான் சிக்கல், குடோனில் இருந்தால் மறந்துவிடும். அதன் வேலை பன்னிரண்டு மணி நேரக் கணக்கு. ஒன்று விட்டால் அந்த இரவு முழுக்கப் பாதுகாப்பு குறைகிறது. கடைசியில் குடோனில் நாடா வைக்கும் அலமாரியில் ஒரு அட்டை, வீட்டில் ஒன்று, சட்டைப்பையில் ஒன்று என்று மூன்று இடத்தில் வைத்தேன். மறந்தால், அன்றைக்கே ஞாபகம் வந்ததும் போட்டுக்கொள்ள வேண்டும், அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

எங்கள் தெருவில் வால்வு ஆபரேஷன் ஆன ஒருவர் வேறு மாத்திரை சாப்பிடுகிறார், அசிட்ரோம். அதற்கு மாதாமாதம் ரத்தம் எடுத்து ஐ.என்.ஆர்., அதாவது ரத்தம் உறையும் அளவு, பார்க்க வேண்டும், கீரையை ஒருநாள் கூட்டி ஒருநாள் குறைத்துத் தின்னக் கூடாது. என்னைப் பார்த்ததும் “கீரையை விட்டுடுங்க” என்று அறிவுரை. என் மாத்திரைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. இரண்டுமே “ரத்தம் நீர்க்கிற மாத்திரை”தான், ஆனால் ஒருவர் பத்தியத்தை இன்னொருவர் எடுத்துக்கொள்ளக் கூடாது. பொதுவானது ஒன்று உண்டு: மூட்டு வலிக்கு மெடிக்கலில் நாமே வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ப்ரூஃபென் வகையறா இந்த மாத்திரைகளோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். பல் பிடுங்கப் போனாலும், ஊசி போடப் போனாலும் முதல் வார்த்தையாக இந்த மாத்திரையைச் சொல்லுங்கள். என் பர்ஸில் மகன் ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறான்: பெயர், மாத்திரை, அளவு, வீட்டு எண். அடிபட்டு மயங்கிக் கிடந்தால் அதுதான் பேசும்.

துடிப்புக்கு முதலில் மெட்டோப்ரோலால். வேகம் குறைந்தது, வருவது குறையவில்லை. அப்புறம் அமியோடரோன். அது நன்றாகவே வேலை செய்தது, ஐந்து மாதம் படபடப்பே இல்லை. ஆனால் வெயிலில் நின்றால் கையும் கழுத்தும் எரியும். நம் ஊர் வெயிலில் நிற்காமல் என்ன செய்வது? ஆறாவது மாதம் ரத்தப் பரிசோதனையில் தைராய்டு மந்தமாகியிருந்தது. அந்த மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவுதானாம், அதனால்தான் தொடங்கும்போதே தைராய்டும் ஈரலும் பார்த்துவைத்தார்கள். அமியோடரோன் சாப்பிடுகிறவர்கள் அந்தப் பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள். நான் ஒரு தடவை தள்ளிப்போட்டேன், சோம்பலையும் மலச்சிக்கலையும் வயசு என்று நினைத்துக்கொண்டு மூன்று மாதம் வீணாக்கினேன்.

அப்போதுதான் அப்லேஷன் பேச்சு வந்தது, இதயத்துக்குள் குழாய் விட்டுக் குறிப்பிட்ட இடத்தைத் தழும்பாக்கும் சிகிச்சை. இந்தத் தாறுமாறான துடிப்புகளைத் தூண்டிவிடும் பொறி பெரும்பாலும் இதயத்துக்குள் இல்லை, நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு ரத்தம் கொண்டுவரும் சிரைகளுக்குள் இருக்கிறது என்று 1998-இல் பிரான்ஸின் போர்டோ நகரத்து டாக்டர்கள் கண்டுபிடித்தார்களாம். 45 நோயாளிகளைப் பார்த்ததில், பொறிகளில் 94 சதவீதம் அந்தச் சிரைகளுக்குள்ளேயே இருந்திருக்கின்றன. அதனால் அந்தச் சிரை வாய்களைச் சுற்றி ஒரு வளையம் போட்டுத் தழும்பாக்கிவிட்டால், உள்ளே பொறி கிளம்பினாலும் வெளியே வர வழியில்லை. சூடு வைத்துச் செய்யலாம், பலூனில் உறையவைத்துச் செய்யலாம், இப்போது மின்புலத் துடிப்பால் செய்யும் புது முறையும் வந்திருக்கிறது. எனக்குச் சூடு வைக்கும் முறை.

டாக்டர் ஆசை காட்டவில்லை, அதற்காகவே அவரைப் பிடித்தது. “உங்களை மாதிரி வந்து வந்து போற வகைக்கு, பத்து பேர்ல ஏழு பேருக்கு ஒரு தடவையில சரியாகும். மத்தவங்களுக்கு ரெண்டாவது தடவை தேவைப்படலாம். இதனால ஆயுள் கூடும்னு நான் சொல்லமாட்டேன்” என்றார். 2019-இல் வெளிவந்த கபானா என்ற பெரிய ஆய்வைப் பற்றியும் சொன்னார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மாத்திரை, அப்லேஷன் என்று இரு குழுவாகப் பிரித்துப் பார்த்ததில், மரணம், பக்கவாதம் போன்ற பெரிய விஷயங்களில் தீர்மானமான வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் படபடப்பு திரும்புவது அப்லேஷனில் குறைவு, அன்றாட வாழ்க்கை மேம்பட்டது. சரி, நான் கேட்டதும் அதுதான். ராத்திரி தூங்க வேண்டும், குடோனுக்குப் போக வேண்டும்.

நான் கேட்ட கேள்விகளில் பயன்பட்டவை இரண்டு. வருடத்துக்கு இதை எத்தனை செய்கிறீர்கள்? ஏதாவது கோளாறு ஆனால் நெஞ்சைத் திறக்கும் சர்ஜன் அதே கட்டிடத்தில் இருக்கிறாரா? இரண்டுக்கும் முகம் சுளிக்காமல் பதில் வந்தது. முகம் சுளிப்பவரிடம் போகாதீர்கள்.

தேதி கொடுப்பதற்கு முன் இரண்டு வேலை கொடுத்தார். ஒன்று, தூக்கப் பரிசோதனை. நான் குறட்டை விடுவது தெருவுக்கே தெரியும், ஆனால் மூச்சு நடுநடுவே நிற்கிறது என்பது என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். அவள் பல வருடமாகச் சொன்னதை நான் கேட்டதில்லை. மணிக்கு முப்பது தடவைக்கு மேல் நின்றது. முகமூடி மாட்டி இரவில் காற்று செலுத்தும் மெஷின் வந்தது. முதல் வாரம் யானை மாதிரி தும்பிக்கையோடு படுத்திருந்தேன், பேத்தி பயந்து அழுதாள். இரண்டாவது, எடை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த ஆய்வில், உடல் எடையில் பத்து சதவீதமாவது குறைத்தவர்கள் ஏ.எஃப். இல்லாமல் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களை விடப் பல மடங்கு கூடியிருக்கிறது. ராத்திரிச் சோற்றை நிறுத்தி, காலையில் பஞ்சாயத்து ஏரி வரை நடந்து, ஏழு மாதத்தில் 89 கிலோ 80 ஆனது. இந்த ஒன்பது கிலோவும் மூச்சு மெஷினும் அப்லேஷனுக்குச் சமமாக வேலை செய்தன என்பது என் எண்ணம். டாக்டர் சிரித்துக்கொண்டே, “அதிகமா செஞ்சிருக்கும்” என்றார்.

இன்சூரன்ஸ் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைத்தால் இப்போதும் எரிகிறது. பாலிசி எடுக்கும்போது ஏஜென்ட், “பிரஷர் எல்லாம் எழுத வேண்டாங்க, பிரீமியம் ஏறும்” என்றார். நானும் தலையாட்டினேன். ஆஸ்பத்திரி குறிப்பில் “பன்னிரண்டு வருடமாக ரத்தக்கொதிப்பு” என்று இருந்தது. கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. ஏறக்குறைய நாலரை லட்சம் கையிலிருந்து போனது, இரண்டு தறியை விற்றேன். ஏஜென்ட் மேல் கோபம்தான், ஆனால் கையெழுத்து என்னுடையது. இருப்பதை எழுதிவிட்டு, காத்திருப்புக் காலம் எத்தனை வருடமோ அத்தனையும் பொறுத்திருங்கள்.

2024 பிப்ரவரியில் செய்தார்கள். முதலில் தொண்டை வழியாக ஒரு குழாயை விட்டு, இதயத்தின் அந்தச் சிறு பையில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்திருந்தால் அன்றைக்கு அனுப்பிவிட்டிருப்பார்கள். முந்தைய வாரங்களில் இரவு மாத்திரையைத் தவறவிடாதீர்கள் என்று அவர்கள் மிரட்டியதற்குக் காரணம் அதுதான். அப்புறம் மயக்கம். தொடை இடுக்கில் உள்ள சிரை வழியாகக் குழாய்களை ஏற்றி, வலது மேலறைக்கும் இடதுக்கும் நடுச்சுவரில் ஊசியால் ஒரு துளை போட்டு அந்தப் பக்கம் போகிறார்கள். எனக்கு மூன்றரை மணி நேரம் ஆனதாம். நெஞ்சில் ஒரு கீறல் கிடையாது.

அந்த நாளின் உண்மையான கஷ்டம் எது என்று கேட்டால், மல்லாந்து படுத்திருந்ததுதான். ஆறு மணி நேரம் காலை மடக்கக் கூடாது, தொடை இடுக்கில் மணல் மூட்டை. இடுப்பு கழன்றுவிடும் போல வலி. அதைவிட, படுத்தபடி சிறுநீர் போக வரவில்லை. பாத்திரம் வைக்கிறார்கள், திரை போடுகிறார்கள், வரவே மாட்டேன் என்கிறது. ஐம்பத்தேழு வருடப் பழக்கம். சிஸ்டர் ஒரு அம்மா, குழாயைத் திறந்து தண்ணீர்ச் சத்தம் கேட்க விட்டார், அப்புறம்தான் வந்தது. யாரும் இதை முன்கூட்டிச் சொல்வதில்லை. போவதற்கு முன் நாலு நாள் வீட்டில் படுத்துப் பழகிப் பாருங்கள். சிரிக்க வேண்டாம்.

மறுநாளுக்கு அடுத்த நாள் வீடு. எங்கள் வீட்டில் இருப்பது குந்தி எழும் பழைய கக்கூஸ். பத்து நாளுக்குக் குந்தக் கூடாது, சம்மணம் போடக் கூடாது, ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்யக் கூடாது என்றார்கள். குந்தினால் தொடைக் காயம் திறந்து ரத்தம் கட்டும், நான் போடுவதோ ரத்தம் உறையாத மாத்திரை. துளை போட்ட நாற்காலி ஒன்று வாடகைக்கு எடுத்துவைத்தோம். இதை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு யோசிக்காமல், போவதற்கு முன்பே வாங்கி வையுங்கள். மூன்றாம் நாள் தொடை முழுக்க நீலம், அப்புறம் பச்சை, மஞ்சள், முழங்கால் வரை இறங்கியது. பார்க்கப் பயங்கரம், ஆனால் அது வழக்கம்தான். கோலிக்குண்டு அளவு ஒரு கட்டி இருந்து ஒரு மாதத்தில் கரைந்தது. கட்டி பெரிதாகிக்கொண்டே போனாலோ, துடித்தாலோ, ரத்தம் நிற்காமல் வந்தாலோ, அழுத்திப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருந்தார்கள்.

மூச்சை ஆழமாக இழுத்தால் நெஞ்சில் குத்தல், நாலு நாள். இதயத்தைச் சுற்றியுள்ள உறை கொஞ்சம் வீங்குவதால் வருவது. அசதி மட்டும் ஆறு வாரம் போகவில்லை. வெளியே காயமே இல்லாததால் ஊரில் யாரும் நம்பவில்லை. “ஊசி மட்டும்தானே போட்டாங்க, மாமா?” என்றான் மச்சினன். உள்ளே வெந்திருக்கிறதப்பா!

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை உண்டு. உணவுக்குழாய் இடது மேலறைக்குப் பின்னால் ஒட்டினாற்போல் ஓடுகிறது. சூடு வைக்கும்போது அதற்கும் சூடு பட்டிருக்கலாம். அதனால் ஆறு வாரம் அமிலம் குறைக்கும் மாத்திரை, மெதுவான சாப்பாடு, கொதிக்கக் கொதிக்கக் காபி வேண்டாம். மிக மிக அரிதாக, சில வாரம் கழித்து இரண்டுக்கும் நடுவே ஓட்டை விழுமாம். விழுந்தால் உயிருக்கே ஆபத்து. அறிகுறிகள்: காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சு வலி, கை கால் மரத்துப்போவது. இரண்டு மாதம் வரை இதில் எது வந்தாலும், உள்ளூரில் ஊசி போட்டுக்கொள்ளாமல், அப்லேஷன் செய்த டாக்டரை நேராகக் கூப்பிட வேண்டும். முக்கியமாக, யாராவது “வயித்துக்குள்ள கேமரா விட்டுப் பாத்துடலாம்” என்று எண்டோஸ்கோபிக்கு அழைத்தால் மறுக்க வேண்டும், அதில் காற்று இதயத்துக்குள் போய்விடலாம். முதலில் நெஞ்சு சி.டி. ஸ்கேன்தான். இதை அச்சிட்டு எங்கள் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தோம்.

பத்தொன்பதாம் நாள் எனக்குக் காய்ச்சல் 101. ஊரில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் இருந்த வாரம் அது. மனைவி காலண்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எதுவும் பேசாமல் பையில் துணி எடுத்துவைத்தாள். இரவு பத்தரைக்கு ஸ்கேன். ஒன்றுமில்லை, வெறும் வைரஸ் காய்ச்சல். “இதுக்குப் போய் இவ்வளவு தூரம் வந்துட்டோமே டாக்டர்” என்று கூச்சப்பட்டேன். “இதுக்குத்தான் வரணும்” என்றார்.

அதற்கு முன்பே, பதினோராம் நாள், இன்னொரு இடி விழுந்திருந்தது. படபடப்பு திரும்ப வந்தது. அதே தாறுமாறு, இரண்டு மணி நேரம். இரண்டு தறி விற்றது கண்முன் வந்தது. மனைவி பூஜை அறையில் போய் உட்கார்ந்துகொண்டாள். டாக்டர் அலட்டிக்கொள்ளவில்லை. சூடு பட்ட இடம் வீங்கி ஆறி இறுகிய தழும்பாகும் வரை இப்படி வரும், அதைத் தோல்வியாகக் கணக்கில் எடுப்பதில்லை என்றார். எனக்கு மூன்று மாதக் கெடு சொன்னார்கள். 2024-இல் வந்த சர்வதேச நிபுணர் அறிக்கை அதை இரண்டு மாதமாகக் குறைத்திருக்கிறது. எனக்கு மூன்று தடவை வந்தது, கடைசி தடவை ஒன்பதாவது வாரம்.

ஓய்வில் இருக்கும்போதே நாடி 64-ஆக இருந்தது 84 ஆகிவிட்டது. அதற்கும் பயந்தேன். மேலறையைச் சுற்றி இருக்கும் சில நரம்பு முடிச்சுகளுக்கும் சூடு படுவதால் துடிப்பு ஏறுமாம், பல மாதம் அப்படியே இருக்கலாமாம். ஒழுங்காக அடிக்கும் 84, ஒழுங்கில்லாத 64-ஐ விட நல்லது என்றார்.

இனி சொல்லப்போவதை எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை.

மகன் ஈ.சி.ஜி. எடுக்கும் கைக்கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தான். நல்ல சாமான்தான், சந்தேகம் இல்லை. ஆனால் மூன்று மாதம் முடிந்து, துடிப்பு சரியாகி, மருந்து குறைந்து, எல்லாரும் நிம்மதியான பிறகு நான் அந்தக் கடிகாரத்துக்கு அடிமையாகிக் கிடந்தேன். எழுந்ததும் ஒன்று, பல் விளக்கியதும் ஒன்று, படியேறினால் ஒன்று. இல்லாத நேரத்தில் விரல் தானாக மணிக்கட்டுக்கோ கழுத்துக்கோ போகும். கல்யாண வீட்டில் ஆள் பேசிக்கொண்டிருப்பார், நான் தலையாட்டியபடி உள்ளே எண்ணிக்கொண்டிருப்பேன். நோய் இருந்தபோது மாதம் மூன்று நாள்தான் அவஸ்தைப்பட்டேன். குணமான பிறகு முப்பது நாளும். தறி சரியாக ஓடும்போது கூட நூல் அறுந்துவிடுமோ என்று அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறவனால் நெய்ய முடியுமா?

ஒரு இரவு மனைவி சொன்னாள்: “ஏனுங்க, நீங்க நல்லா இருக்கீங்கன்னு அந்த வாட்சு சொன்னா நம்பறீங்க. நான் சொன்னா நம்பமாட்டீங்களா?” பதில் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் டாக்டரிடம் இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது, சொல்லியும் விட்டேன். இப்படி வருபவர்கள் நிறைய என்றார். விதி ஒன்று வைத்துக்கொண்டோம்: புதனும் ஞாயிறும் காலையில் ஒரு தடவை, இல்லாவிட்டால் உண்மையில் படபடத்தால் மட்டும். மற்ற நேரம் கடிகாரம் மனைவியின் பீரோவில். முதல் வாரம் பீடியை விட்டவன் மாதிரி கை நடுங்கியது. நாலாவது வாரம், மதியம் இரண்டு மணிக்கு, காலையிலிருந்து நாடியைத் தொடவே இல்லை என்பது ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததும் தொட்டேன் என்பது வேறு விஷயம்.

அபிக்ஸபான் இன்னும் உண்டு. நிறையப் பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். படபடப்பு நின்றுவிட்டதே, மாத்திரை எதற்கு என்று தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். அப்லேஷனுக்குப் பிறகு இரண்டு மாதமாவது எல்லாருக்கும் கட்டாயம். அதற்கு மேல் தொடர்வது அந்த சாட்ஸ் வாஸ்க் கணக்கைப் பொறுத்தது, துடிப்பு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. பிரஷரும் சர்க்கரையும் என்னை விட்டுப் போகவில்லை, அதனால் என் கணக்கு இன்னும் இரண்டுதான். தெரியாமலே ஏ.எஃப். வந்துபோகவும் செய்யலாம், தறிச் சத்தத்துக்குள் வந்துபோன மாதிரி. இரவு எட்டு மணிக்கு பேத்தி “தாத்தா, மாத்திரை” என்று கத்துவாள்.

முதல் வருடம் முடிந்ததும் ஒரு வாரம் ஹோல்டர் மாட்டிப் பார்த்தார்கள். ஏ.எஃப். இல்லை, தனித்தனியாகச் சில உதிரித் துடிப்புகள் மட்டும். காபி உண்டு, இரண்டு டம்ளர். கறி விருந்துக்குப் போகிறேன், ராத்திரி விருந்து மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். பாவு நூல் சுற்றிய கனமான உருளையை, பாவு பீமை, நான் தூக்குவதில்லை, பையன்கள் விடுவதும் இல்லை. பழனிக்குப் போனால் மூச்சு மெஷினையும் கூடவே தூக்கிக்கொண்டு போகிறோம். லாட்ஜில் பிளக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டுத்தான் ரூம் எடுக்கிறேன்.

போன மாதம் ஒருநாள் ஆறு தறியும் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. சத்தம் அடங்கியதும் பழக்கதோஷத்தில் உள்ளே காது கொடுத்தேன். இரண்டு மூன்று தடவை ஏதோ தள்ளித் தள்ளி அடித்தது போலத் தோன்றியது. வீட்டுக்குப் போய் பீரோவிலிருந்து கடிகாரத்தை எடுத்து முப்பது வினாடி பிடித்து, படத்தை டாக்டருக்கு அனுப்பினேன். உதிரித் துடிப்புதான், தை மாதம் வரும்போது பார்ப்போம் என்று பதில் வந்தது. கடிகாரத்தைத் திரும்ப உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, சாவியை மனைவியிடமே கொடுத்தேன்.